ஒற்றைப்பக்கச் செயலி: யாருடைய தேவை?

2016 நவம்பர் 8ஆம் நாள் அமெரிக்காவில் குடியரசுத் தலைவர் தேர்தல் நடைபெற்றது. அதற்கு ஒரு வாரம் முன்பு, நவம்பர் 1 முதல், சிஎன்என் செய்தித்தளத்தின் முகப்பு இணைய ஆவணக் காப்பகத்தின் வேபேக் மெஷினில் வெற்றுப் பக்கமாகத் தெரியலாயிற்று. காப்பகத்தின் சேகரிப்பு நிரல்கள் வழக்கம்போல் அத்தளத்துக்குச் சென்றன, கோப்புகளையும் எடுத்துவந்தன. ஆனால் அப்பதிவைத் திறந்து பார்ப்பவர் கண்ணுக்குத் தலைப்பும் இல்லை, செய்தியும் இல்லை. வர்ஜீனியாவிலுள்ள ஓல்டு டொமினியன் பல்கலைக்கழகத்தின் வலை ஆவணவியல் ஆய்வாளர்கள் 2017 சனவரியில் இதன் காரணத்தை விளக்கி எழுதினர். பக்கத்தை வரையும் பொறுப்பு ஜாவாஸ்கிரிப்ட் நிரலிடம் விடப்பட்டிருந்தது. அந்நிரல் தான் சிஎன்என் முகவரியின்கீழ் இயங்குவதாகவே எண்ணி எழுதப்பட்டது. காப்பகத்தின் முகவரியில் இயக்கப்பட்டபோது பிழை கண்டு நின்றுவிட்டது.

சிஎன்என் தளம் கறாரான பொருளில் ஒற்றைப்பக்கச் செயலி அன்று. ஆயினும் அந்நிகழ்வு வெளிப்படுத்திய சிக்கல் ஒற்றைப்பக்கக் கட்டமைப்பின் அடியாழத்தில் இருப்பதே. அக்கட்டமைப்பில் உலாவி முதலில் ஏறத்தாழ உள்ளீடற்ற ஒரு பக்கத்தையும், அதனோடு ஒரு பெரிய நிரல் தொகுப்பையும் இறக்கிக்கொள்கிறது. பின்னர் பயனர் எதைச் சொடுக்கினாலும் புதிய பக்கம் வருவதில்லை. நிரலே வழங்கியிடம் தரவைக் கேட்டுப் பெற்று, இருக்கும் திரையை அழித்து வரைகிறது. இன்று செய்தி இதழும் கல்லூரித் தளமும் அரசுத் துறையும் ஒருசேர இம்முறையில் கட்டப்படுகின்றன. இவற்றுக்கெல்லாம் இது தேவைதானா என்ற கேள்வி பெரும்பாலும் பொறியாளர்களிடையே கருவித் தேர்வு குறித்த பூசலாக முடிந்துவிடுகிறது. இதை வரலாற்றுக் கேள்வியாகக் கேட்டால், யாருடைய எந்தத் தேவைக்காக இது பிறந்தது, பின்னர் யாருடைய வசதிக்காகப் பரவியது என்று பிரித்துப் பார்க்க முடிகிறது.

டிம் பெர்னர்ஸ்-லீ 1989 மார்ச்சில் செர்ன் ஆய்வகத்தில் முன்வைத்த திட்டத்தின் நோக்கம் எளியது. ஆய்வகத்தில் ஆள்கள் வருவதும் போவதுமாக இருந்தனர். அவர்களோடு தகவலும் போய்விட்டது. ஆவணங்களை ஒன்றோடொன்று இணைத்துவைத்தால் அவ்விழப்பைத் தடுக்கலாம் என்று அவர் கருதினார். 1991இல் பொதுவெளிக்கு வந்த வலையின் முதல் நெறிமுறையில் கோரிக்கை என்பது ஒரே வரி. முகவரியைச் சொன்னால் வழங்கி ஆவணத்தைத் தரும், தொடர்பு முடிந்துவிடும். முகவரிக்கு ஓர் ஆவணம், ஆவணத்துக்கு ஒரு முகவரி என்ற இந்த உடன்படிக்கையிலிருந்தே ஏனையவை கிளைத்தன. பின்செல் பொத்தான், புக்மார்க், தேடுபொறி, மேற்கோள், காப்பகம் என்ற எதற்கும் தனியாக யாரும் நிரல் எழுத வேண்டியிருக்கவில்லை. மற்றொரு நன்மை அவ்வளவாகக் கவனிக்கப்படுவதில்லை. எச்டிஎம்எல் கோப்பு வந்துகொண்டிருக்கும்போதே உலாவி அதைக் காட்டத் தொடங்கிவிடும். இணைப்பு பாதியில் அறுந்தாலும் வந்தவரை படிக்கலாம். நிரல் தொகுப்புக்கு இந்தப் பண்பு கிடையாது. பாதி வந்த நிரல் இயங்குவதில்லை.

2000ஆம் ஆண்டில் ராய் ஃபீல்டிங் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் இர்வைன் வளாகத்தில் அளித்த முனைவர் பட்ட ஆய்வேடு வலையின் கட்டமைப்பைக் கோட்பாடாக வகுத்துரைத்தது. அதில் அவர் விதித்த கட்டுப்பாடுகளுள் ஒன்றை மட்டும் விருப்பத்துக்கு விட்டார். வழங்கியிலிருந்து நிரலை இறக்கிப் பயனரின் கணினியில் இயக்குவது என்பதே அது. அதனால் பயனும் உண்டு என்று கூறிய அவர், இடையில் உள்ளவர்கள் நிகழ்வதைக் காணும் தன்மை அதனால் குறைகிறது என்றும் எச்சரித்தார். அடுத்த பதினைந்து ஆண்டுகளில் விருப்பத்துக்குரியது கட்டாயமாயிற்று. இதில் ஒரு நகைமுரணும் உண்டு. ஃபீல்டிங் அவ்வேட்டில் சூட்டிய 'ரெஸ்ட்' என்ற பெயரே ஒற்றைப்பக்கச் செயலிகளுக்குத் தரவு வழங்கும் இடைமுகங்களின் பெயராக இன்று வழங்கிவருகிறது.

மாற்றத்தின் விதை விழுந்த இடம் அலுவலக மின்னஞ்சல். மைக்ரோசாஃப்டின் எக்ஸ்சேஞ்ச் குழு 1990களின் பிற்பகுதியில் அவுட்லுக்கை உலாவிக்குள் கொண்டுவர முயன்றது. ஒரு மடலைத் திறக்கும்போதெல்லாம் கோப்புறைப் பட்டியல் முழுவதையும் மீண்டும் இறக்குவது வீண் என்பது வெளிப்படை. பக்கத்தை மாற்றாமல் பின்னணியில் தரவைக் கேட்கும் ஒரு சிறு கூறு எழுதப்பட்டது. 1999 மார்ச்சில் வெளிவந்த இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 5 உலாவியோடு எக்ஸ்எம்எல் நூலகம் சேர்ந்து வெளிவரவிருந்தது. வெளியீட்டுக்கு நாள் நெருங்கிய நிலையில், புதிய கூற்றை அந்நூலகத்துக்குள் நுழைத்துவிட்டனர். அதன் பெயரில் எக்ஸ்எம்எல் என்ற சொல் ஒட்டிக்கொண்டது இப்படித்தான் என்று அதை எழுதிய அலெக்ஸ் ஹாப்மன் பின்னாளில் பதிவுசெய்தார். அதற்கும் எக்ஸ்எம்எல்லுக்கும் உண்மையில் பெரிய தொடர்பு இல்லை. மோசில்லாவும் பிற உலாவிகளும் அதைப் பின்பற்றின.

இக்கூறு ஐந்தாண்டுக் காலம் பெரிதும் பேசப்படாமலே கிடந்தது. 2004 ஏப்ரல் 1 அன்று ஜிமெயில் வந்தது. 2005 பிப்ரவரியில் கூகுள் மேப்ஸ் வந்தது. அதுவரை இணைய வரைபடங்களில் சற்று வடக்கே பார்க்க வேண்டுமானால் அம்புக்குறியைச் சொடுக்கிவிட்டுப் பக்கம் முழுதும் மீண்டும் வரும்வரை காத்திருக்க வேண்டும். லார்ஸ், யென்ஸ் ராஸ்முசன் சகோதரர்கள் சிட்னியில் தொடங்கிய சிறு நிறுவனம் முதலில் மேசைக்கணினி மென்பொருளாகவே தன் வரைபடத்தை எழுதியது. கூகுள் அதை வாங்கியபின் அது உலாவிக்கு மாற்றப்பட்டது. கையால் பிடித்து இழுத்தால் வரைபடம் நகர்ந்தது. அதே மாதம் 18ஆம் நாள் ஜெஸ்ஸி ஜேம்ஸ் காரெட் ஒரு கட்டுரையில் இந்நுட்பத் தொகுப்புக்கு 'அஜாக்ஸ்' என்று பெயரிட்டார். அவர் காட்டிய எடுத்துக்காட்டுகளுள் இந்தியாவில் ஒரு தலைமுறையே குடியிருந்த ஆர்குட்டும் ஒன்று. காரெட் பேசியது செயலிகளைப் பற்றி. படிக்கும் பக்கங்களைப் பற்றி அல்ல. மின்னஞ்சலும் வரைபடமும் ஒரே அமர்வில் நூறு சிறு செயல்கள் நிகழும் இடங்கள். ஒவ்வொரு செயலுக்கும் திரையின் சிறு பகுதியே மாறுகிறது. அங்கு இம்முறை அவசியம் என்பதை மறுப்போர் இலர்.

2008 செப்டம்பரில் குரோம் உலாவி வி8 என்னும் இயந்திரத்தோடு வெளிவந்தபின் ஜாவாஸ்கிரிப்டின் வேகம் பன்மடங்காயிற்று. 2010இல் பேக்போன், ஆங்குலர் ஆகிய நூலகங்கள் வெளியாயின. அவ்வாண்டு செப்டம்பரில் ட்விட்டர் தன் தளத்தை முற்றிலும் உலாவியில் வரையும் முறைக்கு மாற்றியது. அதன் முகவரிகளில் '#!' என்ற குறி இடம்பெற்றது. முகவரியில் '#' குறிக்குப் பின் வருவது எதையும் உலாவி வழங்கிக்கு அனுப்புவதில்லை. ஆதலால் இன்னாருடைய இன்ன கீச்சு வேண்டும் என்று கேட்டாலும் வழங்கிக்கு அது தெரியாது. அது வெற்றுப் பக்கத்தைத் தரும். நிரல் வந்து, முகவரியைப் படித்து, மீண்டும் வழங்கியிடம் கேட்ட பிறகே கீச்சு கண்ணுக்குத் தெரியும். ஓர் ஆவணத்தைப் பெற இரு பயணங்கள்.

2011 பிப்ரவரியில் காக்கர் குழுமம் தன் வலைப்பூக்கள் அனைத்தையும் இதே முறைக்கு மாற்றியது. மாற்றிய வேகத்தில் ஜாவாஸ்கிரிப்டில் நேர்ந்த ஒரு கோளாறால் லைஃப்ஹேக்கர் உள்ளிட்ட அதன் தளங்கள் ஒருசேர வெறுமையாயின. கட்டுரைகள் எங்கும் தொலையவில்லை. அவற்றைக் காட்டும் நிரல் மட்டும் இயங்கவில்லை. வலையின் இருபதாண்டு வரலாற்றில் வழங்கி விழுந்து தளம் நின்றதுண்டு. வழங்கி நலமாக இருந்தும், கட்டுரைகள் பத்திரமாக இருந்தும், எழுத்து ஒன்றும் தெரியாமற்போனது புதுவகை விபத்து.

ட்விட்டர் 2012 மே மாதத்தில் பின்வாங்கியது. முதல் தோற்றத்தை மீண்டும் வழங்கியிலேயே வரையத் தொடங்கிய பின், முதல் கீச்சு கண்ணுக்குத் தெரிய எடுக்கும் நேரம் ஐந்தில் ஒரு பங்காகக் குறைந்தது என்று அதன் பொறியாளர்கள் அறிவித்தனர். கதை இத்துடன் முடிந்திருந்தால் தீர்ப்பு எளிதாகியிருக்கும். ஆனால் 2017இல் அதே நிறுவனம் ட்விட்டர் லைட் என்னும் கைப்பேசித் தளத்தை ஒற்றைப்பக்க முறையில் வெளியிட்டது. இந்தியா போன்ற நாடுகளின் மெதுவான இணைப்புகளே அதன் இலக்கு. அது வேகமாகவும் இருந்தது. 2019இல் மேசைக்கணினித் தளமும் அதே அடிப்படைக்கு மாறியது. 2020 டிசம்பரில் பழைய எளிய வடிவம் நிறுத்தப்பட்டது. அதற்குப் பின் ஜாவாஸ்கிரிப்ட் இல்லாமல் ஒரு கீச்சைப் படிக்க வழியில்லை. அமைச்சகங்களின் அறிவிப்புகளும் தலைவர்களின் கூற்றுகளும் முதன்முதலில் வெளியாகும் இடமாக அத்தளம் ஆகிவிட்ட காலத்தில் இது நிகழ்ந்தது. சமகால வரலாற்றை எழுதப் புகுவோர் அடிக்குறிப்புக்குத் திரைப்பிடிப்புகளை நாட வேண்டியிருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். திரைப்பிடிப்பின் நம்பகத்தன்மை எத்தகையது என்பதை ஆய்வுமாணவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

படிப்பதற்கான தளங்களுக்கும் இம்முறை ஏன் பரவியது? பயனர் கேட்டார் என்பதற்குச் சான்று குறைவு. மூன்று வேறு காரணங்கள் தெளிவாகத் தெரிகின்றன. முதலாவது கைப்பேசிச் செயலி. 2008க்குப் பின் ஐபோனுக்கும் ஆண்ட்ராய்டுக்கும் செயலி எழுதிய நிறுவனங்கள் எப்படியும் தரவை மட்டும் வழங்கும் இடைமுகம் ஒன்றைக் கட்டியாக வேண்டியிருந்தது. வலைத்தளத்தையும் அதே இடைமுகத்தின் மற்றொரு வாடிக்கையாளராக ஆக்கிவிட்டால் வழங்கியின் பக்கம் ஒரே வேலை. இரண்டாவது, பணிப்பிரிவு. ஓர் அமைப்பு வடிவமைக்கும் பொருள் அவ்வமைப்பின் உட்தொடர்புகளையே ஒத்திருக்கும் என்று மெல்வின் கான்வே 1968இல் எழுதினார். முன்னிலைக் குழு, பின்னிலைக் குழு என்று நிறுவனங்கள் பிரிந்தபோது தளமும் அவ்வாறே இரண்டாகப் பிரிந்தது. 2013இல் ஃபேஸ்புக் வெளியிட்ட ரியாக்ட் நூலகம் முன்னிலைக் குழுவுக்குத் தனி நாடு அமைத்துத் தந்தது எனலாம்.

மூன்றாவது காரணம் வேலைச் சந்தை. இது இந்தியாவில் மிகத் துலக்கமாகத் தெரிகிறது. பெங்களூரு, ஐதராபாத், புனே நிறுவனங்களின் வேலை விளம்பரங்கள் ரியாக்டையும் ஆங்குலரையும் கேட்கின்றன. பயிற்சி நிலையங்கள் அவற்றையே கற்பிக்கின்றன. கற்றவர் கல்லூரித் தளம் ஒன்றைக் கட்ட நேர்ந்தாலும் தமக்குத் தெரிந்த கருவியையே எடுக்கிறார். சட்டகம் இன்றி ஒரு படிவத்தை அனுப்புவது எப்படி என்பதைக் கற்காமலே தொழிலுக்குள் நுழைய முடிகிற நிலையில், தேவையா என்ற கேள்வி எழுவதற்கான இடமே அடைபட்டுப்போகிறது. இதில் தனிமனிதர் குற்றம் ஒன்றுமில்லை.

இப்பரவலுக்கு வழிவிட்ட ஒரு திருத்தம் நெறிமுறைகளின் வரலாற்றில் ஒளிந்திருக்கிறது. வலை அணுகல்தன்மைக்கான முதல் வழிகாட்டி நெறிகள் 1999இல் வெளியாயின. நிரல்கள் அணைக்கப்பட்டிருந்தாலும், உலாவி அவற்றை ஏற்காவிடினும் பக்கம் பயன்படத்தக்கதாக இருக்க வேண்டும் என்பது அவற்றின் முதல்நிலை விதிகளுள் ஒன்று. 2008 டிசம்பரில் வந்த இரண்டாம் பதிப்பில் அவ்விதி இல்லை. உதவிக் கருவிகள் ஆதரிக்கும் தொழில்நுட்பம் எதையும் சார்ந்திருக்கலாம் என்று அது தளர்ந்தது. திரைவாசிப்பான்கள் ஜாவாஸ்கிரிப்டைக் கையாளத் தொடங்கிவிட்டன என்பதால் அம்மாற்றம் நியாயமே. ஆயினும் பார்வையற்ற பயனரை முன்னிட்டு எழுதப்பட்ட ஒரு விதி, தற்செயலாக மெதுவான இணைப்பில் உள்ளவரையும் பழைய கருவி வைத்திருப்பவரையும் காப்பகத்தையும் சேர்த்துக் காத்துவந்தது. அது நீங்கியபோது அவர்களுக்காகப் பேச ஆளில்லை. 2009இல் வெளியான இந்திய அரசு இணையத்தளங்களுக்கான வழிகாட்டி நெறிகளும் அணுகல்தன்மைக்கு இந்த இரண்டாம் பதிப்பையே அடிப்படையாகக் கொண்டன.

நிரல் இயங்காத பயனர் இன்று யார் இருக்கிறார்கள் என்று கேட்கப்படுவதுண்டு. பிரிட்டன் அரசின் மின்னிலக்கச் சேவைத் துறை 2013இல் இதை அளந்து பார்த்தது. தம் தளத்துக்கு வந்தோரில் 1.1 விழுக்காட்டினருக்கு ஜாவாஸ்கிரிப்ட் கிட்டவில்லை. அவர்களுள் அதைத் தாமே அணைத்தவர்களும் அதற்கு இடமில்லாத உலாவி வைத்திருந்தவர்களும் 0.2 விழுக்காடுதான். எஞ்சிய 0.9 விழுக்காட்டினரின் உலாவிகள் அதை இயக்க வல்லவை. இயங்கியிருக்க வேண்டும், இயங்கவில்லை. இணைப்பு அறுந்திருக்கலாம், அலுவலக வலையமைப்பு தடுத்திருக்கலாம். எனவே இதைக் குறிப்பிட்ட ஒரு கூட்டத்தினரின் பண்பாகக் கருதுவது பிழை. எவருக்கும் எப்போதேனும், இரயில் குகைக்குள் நுழையும் கணத்தில், நேரக்கூடியது இது.

இந்திய அனுபவம் இவ்விவாதத்துக்குத் தனிச்சான்றுகள் தருகிறது. 2ஜி காலத்தில் இந்நாட்டுக் கைப்பேசிகளில் பரவலாக இருந்த உலாவி ஓபரா மினி. அது பக்கங்களைத் தன் வழங்கிகளில் வரைந்து, சுருக்கி, விளைவை மட்டும் கைப்பேசிக்கு அனுப்பியது. நிரலைத் தொலைவிலேயே சற்று நேரம் இயக்கி நிறுத்திவிடும். எளிய எச்டிஎம்எல் பக்கங்கள் அதில் கச்சிதமாக வந்தன. உலாவியில் தொடர்ந்து இயங்குவதையே உயிராகக் கொண்ட ஒற்றைப்பக்கத் தளங்கள் அதில் தடுமாறின. சேலத்திலோ கோரக்பூரிலோ ஐயாயிரம் ரூபாய்க் கைப்பேசியில் செய்தி படித்தவருக்கு எந்தத் தளம் கிட்டியது என்பதை இக்கட்டமைப்பு வேறுபாடே தீர்மானித்தது.

2015இல் இரு வணிக நிறுவனங்கள் துணிந்து ஒரு சோதனையில் இறங்கின. ஃபிளிப்கார்ட் தன் கைப்பேசி வலைத்தளத்தை மூடிப் பயனர்களைச் செயலிக்கு அனுப்பியது. மின்ட்ரா மே மாதத்தில் மேசைக்கணினித் தளத்தையும் சேர்த்தே மூடியது. வலையே வேண்டா என்ற முடிவு ஓராண்டுகூட முழுமையாக நிலைக்கவில்லை. ஃபிளிப்கார்ட் அவ்வாண்டு நவம்பரிலேயே ஃபிளிப்கார்ட் லைட் என்ற பெயரில் வலைக்குத் திரும்பியது. மின்ட்ரா 2016இல் திரும்பியது. ஃபிளிப்கார்ட் லைட் ரியாக்டில் எழுதப்பட்ட ஒற்றைப்பக்கச் செயலி என்பதை இங்கு மறைக்கலாகாது. தளத்தின் கூட்டைக் கருவியிலேயே சேமித்துவைத்து, அடுத்த வருகையில் தரவை மட்டும் இறக்கியதால் அதன் தரவுச் செலவு குறைந்தது. மெதுவான இணைப்புக்கு ஒற்றைப்பக்க முறை எப்போதும் பகை என்ற கூற்றை இது மறுக்கிறது.

எனில் ட்விட்டர் லைட்டும் ஃபிளிப்கார்ட் லைட்டும் வென்ற இடத்தில் காக்கர் ஏன் தோற்றது? விடை கணக்கில் இருக்கிறது. நிரல் தொகுப்பு என்பது முன்பணம். திரும்பத்திரும்ப வருபவர், ஒரே அமர்வில் ஐம்பது பொருள்களைப் பார்ப்பவர், அம்முன்பணத்தைச் சிறுகச்சிறுக மீட்டுக்கொள்கிறார். தேடுபொறி வழியாக வந்து ஒரு கட்டுரையைப் படித்துவிட்டுப் போகிறவர் அதை ஒருபோதும் மீட்பதில்லை. தேர்வு முடிவு வெளியாகும் நாளை எண்ணிப் பார்க்கலாம். இலட்சக்கணக்கான மாணவர்கள் ஒரே நேரத்தில் வருகிறார்கள். ஒவ்வொருவரும் பதிவெண்ணை இட்டு ஒரேயொரு பட்டியலைப் பார்த்துவிட்டுச் செல்கிறார்கள். அவர்களுக்கு முன்பணம் முழுதும் நட்டமே. தேசியத் தகவலியல் மையத்தின் முடிவுப் பக்கங்கள் நெடுங்காலம் ஒரு படிவமும் ஓர் அட்டவணையுமாக மட்டுமே இருந்துவந்ததில் ஆழ்ந்த நியாயம் இருந்தது. அவை அழகாக இல்லை என்ற குறை உண்மைதான்.

2016 செப்டம்பரில் ஜியோ வந்தபின் தரவின் விலை சரிந்ததால் இக்கணக்கு காலாவதியாகிவிட்டது என்பர். பாதி மட்டுமே சரி. இறக்கும் செலவு குறைந்தது. இறக்கிய நிரலைப் பகுத்து இயக்கும் வேலை கைப்பேசியின் செயலகத்துடையது. ஒரே அளவுள்ள படமும் நிரலும் சமமானவை அல்ல. படத்தை விரித்துக் காட்டினால் போதும், நிரலையோ படித்து, தொகுத்து, நடத்த வேண்டும். மலிவான கைப்பேசிகளில் இவ்வேலைக்கு ஆகும் நேரம் விலையுயர்ந்தவற்றைவிடப் பலமடங்கு. 2022ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் கைப்பேசிக்கு வரும் பக்கத்தின் நடுமதிப்பு எடை 2 மெகாபைட்டைத் தொட்டிருந்தது. நெரிசல் வலையமைப்பிலிருந்து கருவிக்கு இடம்மாறியது. அலைக்கற்றையைப் போல அரசும் சந்தையும் சேர்ந்து மலிவாக்கித் தரக்கூடியதாக அது இல்லை. ஒவ்வொருவரும் தம் சட்டைப்பையிலிருந்து புதுக்கருவி வாங்கியே அதைத் தீர்க்க வேண்டியிருக்கிறது.

ஒற்றைப்பக்க முறைக்கு ஆதரவான வலுவான வாதம் ஒன்றையும் எடைபோட வேண்டும். இரயில் முன்பதிவு போன்ற பலபடிச் செயல்களில் பழைய முறை துன்பம் தந்தது. பின்செல் பொத்தானை அழுத்தினால் அமர்வு காலாவதியாகும், நிரப்பியதெல்லாம் போகும். உலாவியிலேயே நிலையை வைத்திருக்கும் செயலியில் இது சீராகிறது. தத்கால் நேரத்தில் முழுப்பக்கத்தை ஆயிரமாயிரம் முறை வரைந்தனுப்பும் சுமையும் வழங்கிக்குக் குறைகிறது. இவை மெய்யான ஆதாயங்கள். ஆனால் முன்பதிவின் வரலாற்றையே நோக்கினால், ஐஆர்சிடிசியின் கொள்திறன் 2014இல் நிமிடத்துக்கு 2,000 சீட்டுகளிலிருந்து 7,200ஆக உயர்ந்ததற்கு முதன்மைக் காரணம் வழங்கிப்பக்கச் சீரமைப்பு. தரவை வட்டிலிருந்து நினைவகத்துக்குக் கொண்டுவந்தது அதில் பெரும்பங்கு வகித்தது. திரையை யார் வரைகிறார் என்பது அடுத்த நிலைக் கேள்வியே.

2016க்குப் பின் நிகழ்ந்தது விசித்திரமான திரும்பல். அவ்வாண்டு அக்டோபரில் வந்த நெக்ஸ்ட்.ஜேஎஸ் போன்ற கருவிகள் ரியாக்ட் செயலியை முதலில் வழங்கியில் வரைந்து எச்டிஎம்எல்லாக அனுப்பின. பின்னர் அதே நிரலை உலாவிக்கும் அனுப்பி, ஏற்கெனவே வரைந்த பக்கத்துக்கு உயிரூட்டின. பல சமயம் ஒரே உள்ளடக்கம் எழுத்தாக ஒருமுறையும் தரவாக ஒருமுறையும் பயணம் செய்தது. பக்கம் கண்ணுக்குத் தெரியும், பொத்தான் மட்டும் சில நொடிகள் வேலைசெய்யாது. 2020 டிசம்பரில் ரியாக்ட் குழுவே வழங்கியில் மட்டும் இயங்கும் கூறுகளை அறிவித்தது. அதே மாதம் பேஸ்கேம்ப் நிறுவனம் ஹாட்வயர் என்ற பெயரில் எச்டிஎம்எல் துண்டுகளை நேரடியாக அனுப்பும் முறையை வெளியிட்டது. அதே காலத்தில் மொன்டானாவிலிருந்து கார்சன் கிராஸ் வெளியிட்ட எச்டிஎம்எக்ஸ் நூலகமும் அவ்வழியே. பிஎச்பியில் தளம் கட்டிவந்தவர்களுக்கு இவற்றைக் கண்டு சிரிப்பு வந்திருந்தால் வியப்பில்லை. வலைத்தளங்களில் பத்தில் நான்குக்கு மேல் இயக்கும் வேர்ட்பிரஸ் இக்காலம் முழுதும் வழங்கியிலேயே பக்கத்தை வரைந்துகொண்டிருந்தது. பக்கம் மாறும்போது திரை வெட்டி மின்னுகிறது என்பது ஒற்றைப்பக்க முறைக்கு நெடுநாள் கூறப்பட்ட காரணம். 2024இல் குரோம் உலாவி, தனித்தனிப் பக்கங்களுக்கு இடையிலும் மென்மையான நிலைமாற்றத்தைத் தானே செய்யத் தொடங்கியது.

இரண்டையும் கலந்து வாழும் வழி இல்லாமலில்லை. விக்கிப்பீடியாவின் கட்டுரைப் பக்கத்தை ஜாவாஸ்கிரிப்ட் இன்றி முழுமையாகப் படிக்கலாம். தொகுக்க விரும்புவோர் 2013இல் அறிமுகமான காட்சித் தொகுப்பானைச் சொடுக்கும்போது மட்டும் அதன் கனமான நிரல் இறங்குகிறது. படிப்பவர் தொகுப்பவரின் கருவிக்கு விலை கொடுப்பதில்லை. எதிர்த்திசையில் ஒன்று: ஜிமெயில் மெதுவான இணைப்புகளுக்கென்று வைத்திருந்த அடிப்படை எச்டிஎம்எல் வடிவத்தை 2024 முதல் நிறுத்துவதாகக் கூகுள் 2023இல் அறிவித்தது. மின்னஞ்சல் செயலிதான். ஆயினும் வந்த மடலைப் படிப்பது என்பது ஆவணம் படிப்பதே அல்லவா? தளத்துக்குத் தளம் கோடு கிழிப்பதைவிட, ஒரே தளத்துக்குள் செயலுக்குச் செயல் கோடு கிழிப்பதே பொருத்தமானது என்பதற்கு இவ்விரண்டும் நல்ல பாடங்கள்.

காப்பகங்கள் தம்மளவில் தகவமைத்துக்கொண்டுள்ளன. இணைய ஆவணக் காப்பகம் நெடுங்காலம் நம்பியிருந்த ஹெரிட்ரிக்ஸ் சேகரிப்பு நிரல் பக்கங்களை இறக்கி அவற்றிலுள்ள இணைப்புகளைப் பின்தொடரும். ஜாவாஸ்கிரிப்டை உலாவிபோல் இயக்காது. ஒற்றைப்பக்கத் தளம் அதன் கைக்கு ஒரு வெற்றுக் கூடாகவே கிட்டும். எனவே மெய்யான உலாவியையே ஓட்டிப் பதிவுசெய்யும் பிரோஸ்லர் போன்ற கருவிகள் எழுந்தன. அவை கூடுதல் கணினியும் நேரமும் கேட்பவை. ஒரு பக்கத்துக்கு ஆகும் செலவு கூடினால் அதே நிதியில் சேமிக்கப்படும் பக்கங்கள் குறையும். எதை விடுவது என்ற தெரிவில் சிற்றூராட்சித் தளமும் சிறு இதழும் முதலில் விடுபடுவது இயல்பு.

1998 பொங்கலையொட்டித் தொடங்கிய மதுரைத் திட்டத்தின் தொடக்க கால மின்னூல்கள் யூனிகோடு பரவாத காலத்தவை. பிறகு அவை தகுதரக் குறியீட்டிலும் பின்னர் யூனிகோடிலும் வெளியாயின. பழைய குறியீட்டில் உள்ள கோப்பை இன்றைய உலாவியில் திறந்தால் எழுத்துகள் புரியாத குறிகளாகத் தோன்றலாம். மாற்றுநிரல் ஒன்றில் இட்டால் சில நொடிகளில் படிக்கத்தக்கதாகிவிடுகிறது. நூலின் உரை முழுவதும் கோப்புக்குள்ளேயே இருப்பதுதான் காரணம். இன்றைய ஒற்றைப்பக்கத் தளமொன்றின் முகவரியை அப்படியே சேமித்தால் கிடைப்பது ஓர் உள்ளீடற்ற கூறும், நிரல்களின் பெயர்களும், ஜாவாஸ்கிரிப்டை இயக்குமாறு கேட்கும் ஒரு வரியும்.